தாடியைப் பார்த்ததும் சுட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்குப் போகும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். சில வருடங்களுக்கு முன், பென்சில்வேனியாவில் ஒரு மே மாதக் காலை. மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து பெட்டை மாதிரிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தமே போடாமல் ஒரு வான்கோழி வந்து நின்றது. நெஞ்சில், சேவலுக்கு இருப்பது போல, முடிக்கற்றை மாதிரித் தாடி தொங்கியது. சுட்டேன். வீட்டுக்கு வந்து அறுத்தால், வயிற்றுக்குள் ஓடு கட்டிய முட்டை ஒன்று. அதன் பின்னால் சிறிதும் பெரிதுமாக மஞ்சள் கருக்கள். அந்தக் கறி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சட்டப்படி நான் தப்புச் செய்யவில்லை. அங்கே வசந்த கால வேட்டையில் தாடி உள்ள பறவையைச் சுடலாம் என்பதுதான் விதி. சேவலா பெட்டையா என்று கேட்பதில்லை. வேறு பல மாநிலங்களிலும் இப்படித்தான். ஆனால் தாடி என்பது உருமாறிய இறகுதான். சில பெட்டைகளுக்கும் அது முளைக்கும். அவையும் மற்ற பெட்டைகளைப் போலவே தரையில் சருகுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, 28 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். நாம் காட்டுக்குள் போவதோ சரியாக அந்த நாட்களில்.

அதனால் முதலில் தலையைப் பாருங்கள். சேவலின் தலை சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக மாறிக்கொண்டே இருக்கும். பெட்டைக்குச் சாம்பல் கலந்த நீலம், மேலே பூனைமுடி போல மெல்லிய இறகு. நெஞ்சிறகின் நுனி சேவலுக்குக் கறுப்பு, பெட்டைக்குப் பழுப்பு. கால் முள்ளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் புல்லுக்குள் அது தெரியாது. குரலையும் நம்பாதீர்கள், அபூர்வமாகப் பெட்டையும் சேவல் போலக் கத்தும்.

அப்புறம், புகை நிற வான்கோழி. மரபணு மாற்றத்தால் உடம்பெல்லாம் வெளுத்து, இறகின் ஓரம் மட்டும் கறுத்திருக்கும். கண்டவுடன் பாடம் செய்து சுவரில் மாட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. அப்படித் தென்படுபவற்றில் பெரும்பாலானவை பெட்டைகள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

தாடி வைத்த பெட்டை எதிரே வந்தால் துப்பாக்கியைத் தாழ்த்தி, அது போகும்வரை அசையாமல் இருங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவைத்து, அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். அங்கே கூடு இருக்கலாம். அடையில் உட்காரத் தொடங்கிய பெட்டையைக் கலைத்தால் முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்