கூடுவாஞ்சேரி ஃபிளாட் விஷயமாக

அன்புள்ள சுதா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கூடுவாஞ்சேரி ஃபிளாட் விளம்பரத்தை நானும் அப்பாவும் பார்த்தோம். நீச்சல்குளம் படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீயும் மாப்பிள்ளையும் அதில் குளிக்கப் போவதில்லையே, வாடகைக்கு விடத்தானே வாங்குகிறீர்கள். போனில் சொல்ல ஆரம்பித்தால் அங்கே துபாயில் குழந்தை அழும், இங்கே காலிங் பெல் அடிக்கும், பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதிவிடுகிறேன், ராத்திரி நிதானமாகப் படி.

முதலில் கணக்கு. 55 லட்சம் என்கிறார்கள். இன்னும் கட்டி முடிக்காத வீடு, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. பத்திரச் செலவு, கார் பார்க்கிங், கப்போர்டு, ஃபேன், கீசர் எல்லாம் போட்டால் 62 லட்சத்துக்குக் குறையாது. அந்தப் பக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு இப்போது 16,000 வாடகை வந்தால் அதிகம். வருடத்துக்கு 1,92,000, அதாவது போட்ட பணத்துக்கு 3 சதவீதம் சொச்சம். அதிலும் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், வீட்டு வரி இருக்கிறது, பிளம்பர் இருக்கிறார். 40 லட்சம் லோன் போட்டு 20 வருடம் கட்டினால், வட்டி 8 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் இ.எம்.ஐ. 33,000-த்தைத் தாண்டும். வாடகை அதில் பாதிக்குக்கூட வராது. மீதியை மாப்பிள்ளை சம்பளத்திலிருந்து மாதாமாதம் போட வேண்டும்.

விலை ஏறும், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது என்று அந்த சேல்ஸ் பையன் சொன்னானாம். பஸ் ஸ்டாண்ட் 2023 கடைசியிலேயே திறந்தாயிற்று, அது வரப்போகிறது என்ற நாளிலிருந்தே அதற்கான விலையையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். இன்னொன்றை அவன் சொல்லமாட்டான். இந்த மாதிரி பெரிய காம்ப்ளெக்ஸில் வாங்குகிறவர்களில் ரொம்பப் பேர் உன்னை மாதிரி வாடகைக்கு விடத்தான் வாங்குகிறார்கள். சாவி கொடுத்த மாதம் அத்தனை வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள், ஒருவர் 16 என்றால் பக்கத்து வீட்டுக்காரர் 14-க்கு விட்டுவிடுவார்.

என்னைக் கேட்டால் இங்கே நம் குரோம்பேட்டை, சேலையூர் பக்கத்தில் ஆறு வீடு, எட்டு வீடு இருக்கிற பழைய கட்டிடத்தில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கு. 40 லட்சத்துக்குள் பார்க்கலாம், 14,000 வாடகை வரும். பத்திரம், பதிவு இரண்டும் சேர்ந்து 9 சதவீதம் போனாலும் 4 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லையே என்பாய். வித்தியாசம் அதில் மட்டும் இல்லை. சின்னக் கட்டிடத்தில் யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் உன் பங்கு, அதிகம் கிடைக்கும், கட்டிடம் பழசானாலும் மண் உன்னுடையது. இங்கே எம்.ஐ.டி. காலேஜ் இருக்கிறது, ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் வளாகம், ரயில் ஸ்டேஷன், ஆள் கிடைக்காமல் போகாது. எல்லாவற்றையும்விட, குழாய் உடைந்தால் நான் நடந்தே போய்ப் பார்த்துவிடுவேன். கூடுவாஞ்சேரிக்கு இந்த முட்டியை வைத்துக்கொண்டு எத்தனை தடவை போவேன்?

பழைய வீடு பார்க்கும்போது புரோக்கர் ஹாலைத்தான் காட்டுவார். நான் நேராகக் கிச்சனுக்குப் போய் சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்து பார்ப்பேன். பிளைவுட் உப்பிப்போய் ஓரம் பிரிந்திருந்தால் தண்ணீர் நாளாக ஒழுகுகிறது என்று அர்த்தம். பாத்ரூமுக்கு அடுத்த சுவரில் புதுப் பெயின்ட் ஒரு ஆள் உயரத்துக்கு மட்டும் அடித்திருந்தால் அங்கே கையை வைத்துப் பார்க்க வேண்டும். பாதாள சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா என்று கேட்க வேண்டும், டேங்க் என்றால் லாரி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா என்பதையும் ஓனரிடம் கேட்காதே, எதிரே அயர்ன் வண்டிக்காரரிடம் கேள். 2015 வெள்ளத்திலும் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் விலை குறைவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பேப்பர் விஷயம் உனக்கே தெரியும். மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, பிளான் அப்ரூவல், அசோசியேஷன் பாக்கி இல்லை என்ற கடிதம். பேங்க் லோன் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்காதே, நம் பக்கத்து வக்கீல் ஒருவர் தனியாகப் பார்க்கட்டும். ஈ.பி. மீட்டர் அந்த வீட்டுக்கென்று தனியாக இருக்க வேண்டும். சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீடுகளில் வருகிற சண்டையை நம் தெருவிலேயே பார்க்கிறேன், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் யாருக்குச் சேர வேண்டும் என்பதில் தொடங்கும்.

“உன் பெயரிலேயே வாங்கிவிடலாமா அம்மா, வரி மிச்சமாகுமே” என்று கேட்டாய். வேண்டாம். என் பெயரில் இருந்தால் எனக்குப் பிறகு அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உனக்கும் பாகம் வரும். அண்ணன் கேட்கமாட்டான், சரி, அண்ணி வீட்டில்? நீ உழைத்த பணம், உன் பெயரிலும் மாப்பிள்ளை பெயரிலும் இருக்கட்டும். உங்களுக்குப் பதில் நான் கையெழுத்துப் போட எனக்கு பவர் பத்திரம் மட்டும் கொடு. துபாய் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரை போட்டாக வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

வரி இருக்கத்தான் செய்யும். நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் பிடித்து அரசாங்கத்தில் கட்ட வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரிவதே இல்லை, தெரிந்தவர்கள் அந்தத் தொல்லைக்குப் பயந்தே வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள். முன்கூட்டியே ஆடிட்டரிடம் சொல்லி, குறைவாகப் பிடிக்கச் சொல்லும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். வாடகையில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு எப்படியும் உண்டு, பில் காட்ட வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். வெளிநாட்டில் இருக்கிற ஓனர் என்று தெரிந்தாலே ஏஜென்சிக்காரர்கள் தேடி வருவார்கள். “நாங்களே மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம், மாதம் ஒன்றாம் தேதி வாடகை உங்கள் அக்கவுன்டில் விழும்” என்பார்கள். விழும், ஒரு வருடம் ஒழுங்காக விழும். பின்னால் நடப்பது என்ன என்றால், அந்த வீட்டை அவர்கள் வேறொரு குடும்பத்துக்கு லீஸுக்கு விட்டு, மாத வாடகைக்குப் பதில் திருப்பித் தர வேண்டிய மொத்தப் பணமாக ஏழெட்டு லட்சம் வாங்கியிருப்பார்கள். ஒரு நாள் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உனக்கு வாடகை நிற்கும், உள்ளே இருக்கிறவர் “என் லீஸ் பணம் வராமல் காலி செய்யமாட்டேன்” என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்திருப்பார். சென்னையில் இப்படி எத்தனை குடும்பம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்கிறது தெரியுமா. எவ்வளவு அதிக வாடகை சொன்னாலும் இந்த வழியே வேண்டாம், யார் குடியிருக்கிறாரோ அவரோடுதான் ஒப்பந்தம்.

ஒப்பந்தம் என்றால் 11 மாத ஸ்டாம்ப் பேப்பரை எழுதி டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே முடிகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற காலமும் போய்விட்டது, சட்டம் மூன்று மாதத்தைத்தான் சொல்கிறது, அதுவே போதும். பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்போம், நோட்டீஸ் எத்தனை நாள், ஆணி அடிக்கலாமா என்பது வரை எழுதிவிட வேண்டும். சாவி கொடுக்கிற அன்றைக்கு ஒவ்வொரு குழாயையும் சுவிட்ச் போர்டையும் போனில் வீடியோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொண்டால் காலி செய்கிற அன்று முகம் கோண வேண்டியதில்லை.

ஆள் தேர்ந்தெடுக்கும்போது என்ன சாப்பிடுகிறார்கள், என்ன ஆட்கள் என்றெல்லாம் புரோக்கர் கேட்டுச் சொல்வார். எனக்கு அது வேண்டாம். எங்கே வேலை, எத்தனை பேர், இதற்கு முன் எங்கே இருந்தார்கள், அந்த ஓனர் நம்பர் என்ன, அவ்வளவுதான். பழைய ஓனரிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும். நம் மாடியில் இருக்கிற நர்ஸ் பெண்ணை அப்படித்தான் எடுத்தேன். வாடகை கேட்கப் போகும்போது அப்பாவை மட்டும் அனுப்பக் கூடாது, டீ குடித்துவிட்டு வாடகையைக் கேட்காமலே வந்துவிடுவார்.

வாடகை உயர்த்துவதிலும் பேராசை வேண்டாம். 14,000-த்தில் 5 சதவீதம் என்றால் 700, பதினொரு மாதத்துக்கு 7,700. அந்த 700-க்காக நல்ல ஆள் கோபித்துக்கொண்டு போனால் ஒரு மாத வாடகை நஷ்டம், புரோக்கருக்கு ஒரு மாதம், பெயின்டிங் தனி. இருக்கிறவர் ஒழுங்காக இருந்தால் ஒரு வருடம் உயர்த்தாமல் விட்டாலும் உனக்குத்தான் லாபம்.

சேலையூரில் ஒரு வீடு வந்திருக்கிறது என்று நம் எல்.ஐ.சி. ஏஜென்ட் சொன்னார். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, அதனால்தான் விலை இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வீடியோ அனுப்புகிறேன். அதுவரை கூடுவாஞ்சேரிக்காரனுக்கு டோக்கன் அட்வான்ஸ் எதுவும் போட்டுவிடாதீர்கள், ஆஃபர் இந்த மாதத்தோடு முடிகிறது என்றுதான் அவன் எல்லா மாதமும் சொல்வான்.

குட்டிக்கு இருமல் போய்விட்டதா?

அம்மா