அரச செய்தியில் எங்கள் குரல் எங்கே?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்ததும் தேநீரோடு அரச தொலைக்காட்சியில் இரவுச் செய்தி பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம், ஆனால் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் முதலில் வருவது அமைச்சர்கள் நாடா வெட்டுவதும் கல் நாட்டுவதும்தான். சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினால் இரண்டே வரி. எங்கள் வரிப்பணமும் அதில் இருக்கிறதே!

2001இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 17ஆவது திருத்தம், அரச ஒலி, ஒளிபரப்பு நிறுவனங்கள் தேர்தல் ஆணைக்குழுவின் வழிகாட்டலை மீறினால், அந்த ஆணைக்குழு தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமித்து அரசியல் ஒளிபரப்பைக் கையில் எடுக்க வழி செய்தது. சரி, தேர்தல் இல்லாத நாட்களில் யார் கேட்பது? அந்த நிறுவனங்களுக்கு அரசாங்கமே நியமிக்கும் பணிப்பாளர் சபையிடமா முறையிடுவது? சுயாதீனமான ஒரு குழுவை இப்போதே அமையுங்கள்.

தோட்ட வாசகர்,
மஸ்கெலியா