கொழும்பு ஓவியக் கூடங்களுக்கு ஏன் போகிறோம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தரம் 10, 11இல் சித்திரப் பாடம் எடுக்கும் பிள்ளைகளை அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை கொழும்புக்குக் கூட்டிப் போகிறோம். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி கிடைத்துவிட்டது. இந்தத் தடவை மிருகக்காட்சிசாலையும் இல்லை, காலிமுகத் திடலும் இல்லை. ஓவியக் கூடங்களைப் பார்க்கத்தான் போகிறோம்.

செய்தி வெளியே தெரிந்ததிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. "படம் பார்க்க இவ்வளவு தூரமா சேர்? போன்லயே பார்க்கலாமே" என்று ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்விதான், சும்மா தட்டிவிட மனமில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண தரப் பரீட்சைக்கு '43 குழு'வைப் பற்றிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். 1943இல் கொழும்பில் சேர்ந்த ஓவியர்கள் இவர்கள். ஆங்கிலேயர் காலத்து ஓவியப் பள்ளிகள் சொல்லிக்கொடுத்த பாணி போதும், நமக்கென்று ஒரு வழி வேண்டும் என்று கிளம்பியவர்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் என்று பெயர்களைக் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவர்கள் பார்த்த படங்களோ புத்தகத்தில் தீப்பெட்டி அளவில் அச்சானவை. உண்மையான ஓவியத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் சாயம் எங்கே தடிப்பாக அப்பியிருக்கிறது, தூரிகை எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது, எங்கே அழித்து மறுபடி தீட்டியிருக்கிறார் என்பதெல்லாம் கண்ணில் படும். போனில் எல்லாப் படமும் ஒரே வழுவழுப்புத்தான்.

அதனால் முதலில் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சப்புமல் அறக்கட்டளைக்குப் போகிறோம். அந்தக் குழுவில் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. வீட்டையும் தான் சேர்த்த ஓவியங்களையும் 1974இல் அறக்கட்டளையாக்கினார். இன்றும் பார்க்க வீடு மாதிரியேதான் இருக்கும், பெரிய மண்டபம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கீற் நம்ம கண்டியில் 1901இல் பிறந்தவர். அவருடைய படங்களில் பெண்களுக்கு உடை குறைவு. இதைப் பற்றி இரண்டு தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. கூடவே சித்திர ஆசிரியையும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் வருகிறார்கள்.

அடுத்தது நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். 2019இல் தொடங்கியது, இப்போது கொள்ளுப்பிட்டியில் கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சுவரில் எழுதியிருக்கும் குறிப்புகள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளே வாசித்துக்கொள்வார்கள். சமகாலக் கலை என்றால் சட்டம் போட்ட படம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். தரையில் பரப்பி வைத்த பொருள்கள், வீடியோ, பழைய கடதாசிகள் எல்லாமே அதில் வரும். "இதெல்லாம் ஓவியமா?" என்று பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் த. சனாதனன் 2011இல் 'The Incomplete Thombu' (முழுமையடையாத தோம்பு) என்ற நூலை வெளியிட்டார். போரில் வீட்டை இழந்தவர்களிடம் அந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொல்லி, அவற்றைச் சேர்த்து அமைத்த கலைப்படைப்பு அது. தோம்பு என்றால் பழைய காணிப் பதிவேடு. உரிமையாளர் பெயர், எல்லை போன்றவற்றை எழுதும் அந்தப் பதிவேட்டில் வராதவற்றை, கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமிப்படம் எந்தச் சுவரில் என்பதையெல்லாம், ஆட்களே வரைந்து காட்டினார்கள். நம்ம சித்திர ஆசிரியை இதைச் சொல்லி, தரம் 10 பிள்ளைகளிடம் அவரவர் லயக் காம்பராவை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையை, வரையச் சொன்னார்.

அந்தத் தாள்களை நான் பார்த்தேன். ஒரு பையன் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையைக் கட்டம் போட்டு, இரவில் யார் எங்கே படுப்பார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இழுத்திருந்தான். பாட்டியின் கோடு அடுப்புக்குப் பக்கத்தில். அவனுடையது கதவோரம், பாதி வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ஏன்டா இப்படி?" என்றால், "இடம் காணாது சேர், கால் வெளியேதான்" என்கிறான். காணி உறுதி பார்த்திராத நம்ம குடும்பங்களுக்கு இந்த மாதிரி வரைபடம் எவ்வளவு பெறுமதியானது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தாள்கள் எல்லாம் அலுவலகத்தில் இருக்கின்றன, வந்து பாருங்கள்.

நம்ம தோட்டங்களைப் படமாக்கியவர்கள் நிறையப் பேர். தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் கொழுந்துக்காரி, பனி மூடிய மலை, சுத்தமான கூடை. அட்டைக்கடியும் மழைக் கம்பளியும் அந்தப் படங்களில் வராது. ஆனால் ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேநீர் வடிகளையும் எடுத்து, தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் படைப்புகளைச் செய்திருக்கிறார். நாம் குப்பையில் போடும் சாயம் இறங்கிய பைதான் அவருக்குத் தாள். அவருடைய படைப்பு அன்றைக்கு எங்கேனும் மாட்டியிருக்குமா என்பது கண்காட்சியைப் பொறுத்தது. மாட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த மலையிலிருந்து போன ஒருவர் அப்படிச் செய்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, நேரம் இருந்தால், ஓவியம் விற்கும் தனியார் கூடம் ஒன்று. அங்கே சில வாரங்களுக்கு ஒருமுறை படங்கள் மாறும். படத்துக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றாகிவிட்டது என்று அர்த்தம். விலையைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், பிளக்கட்டும். படம் வரைவதும் ஒரு தொழில்தான் என்று நாம் சொல்வதைவிட அந்த விலைப்பட்டியல் நன்றாகச் சொல்லும்.

"நம்ம பிள்ளைகளைக் கொழும்பு ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்களே" என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. பார்க்கலாம். இங்கிருந்து பத்தாம் வகுப்போடு போகிற பிள்ளைகளுக்குக் கொழும்பு என்றால் கடையின் பின்பக்கமும் வீடுகளின் சமையலறையும்தான். முன்வாசலால் நுழைந்து, யாருடைய வேலைக்காகவும் இல்லாமல், தன் பாட்டுக்கு ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வரட்டும். என்னைக் கேட்டால் பரீட்சையைவிட இதுதான் பெரிய காரணம்.

அப்புறம், கண்டிதானே கிட்ட என்றார்கள் சிலர். உண்மை. திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் டேவிட் பெயின்டர் வரைந்த சுவரோவியங்களைப் பார்க்கத் தரம் 9 பிள்ளைகளை அடுத்த தவணையில் கூட்டிப் போகிறோம்.

சரி, இனிச் செய்ய வேண்டியவை. பஸ் அதிகாலை மூன்று மணிக்குப் பாடசாலை வாசலில் புறப்படும், கினிகத்தேனை, அவிசாவளை வழியாகப் போகும். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஒரு பொலித்தீன் பையும் தேசிக்காயும் கொடுத்துவிடுங்கள். பகலுக்குச் சோறு கட்டிக் கொடுங்கள், கடைத்தொகுதியில் சாப்பாட்டு விலை நமக்குக் கட்டாது. பாடசாலைச் சீருடை போதும், புது உடுப்பு எடுக்க வேண்டாம். வரைதல் கொப்பியும் பென்சிலும் கட்டாயம். பேனா வேண்டாம், படத்தில் மை பட்டுவிட்டால் யாராலும் ஈடு செய்ய முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை வரைய வேண்டும். வேறு ஒப்படை எதுவும் இல்லை.

பஸ் செலவில் பாதியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்கிறது. மீதியை இரண்டு தவணையாகக் கட்டலாம். அதுவும் முடியாவிட்டால் பிள்ளையை மறித்துவிடாமல் என்னிடம் நேரே வந்து சொல்லுங்கள், வெளியே யாருக்கும் தெரியாது. திரும்பி வர இரவு ஒன்பது மணி தாண்டும். தேயிலை மலைக்குள் சிறுத்தைப் புலி நடமாடுவதால் எந்தப் பிள்ளையையும் தனியாக லயத்துக்கு விடமாட்டோம், வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் டோர்ச்சோடு சந்திக்கு வர வேண்டும். கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்