உன் மருமகளும் அவள் பார்க்கும் தொடரும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இனிமேல் பொடி எழுத்தும் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டிருக்கிறாய், சரி, அந்தத் தைரியத்தில் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். பெரியவன் வேலை மாறிவிட்டான், வீட்டிலிருந்தே வேலையாம், ஆனால் அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் தெரிகிறது. நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

குசலம் போதும், உன் மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். "இவ்வளவு படித்த பெண், இவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறாள், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கொரியக் காதல் தொடர் பார்க்கிறாள், அதுவும் அழுதுகொண்டே, எனக்கே வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. அவள் அழுவதற்கு உனக்கு எதற்கடி வெட்கம்?

உன் வீட்டுக்காரர் டெஸ்ட் மேட்ச் என்றால் ஐந்து நாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். ஒரு நாளைக்கு 90 ஓவர். ஆட்டம் முடிந்த பிறகு அதே ஆட்டத்தைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசுவதையும் கேட்பார். கடைசியில் டிரா ஆகும். "இவ்வளவு படித்த மனுஷன் இப்படி" என்று யாராவது பெருமூச்சு விட்டதுண்டா? அவர் அம்பயரைத் திட்டினால் அது ஆர்வம், அவள் கதாநாயகிக்காக அழுதால் அது பைத்தியம். கிரிக்கெட்டை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒருவர் பொழுதுபோக்குக்கு விளக்கமே கேட்காத வீட்டில் இன்னொருவருடையதற்கு மட்டும் ஏன் விசாரணை நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஒன்றை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துவிட்டுப் பேசுவதில்லை, அதை யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்கள் பார்த்தால் அழுமூஞ்சி சீரியல், பையன்கள் விளையாடினால் உருப்படாத கேம், நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்தவன் விசிலடித்தால் மசாலாக் குப்பை. அதே குப்பையை முப்பது வருஷம் கழித்து, நல்ல சட்டை போட்ட யாராவது எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால், அல்லது பழைய நினைவு என்று சொல்லி ஒரு திரையிடல் வைத்தால், உடனே அதற்கு மரியாதை வந்துவிடுகிறது. படம் மாறவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகத்தைப் புதுப்பித்து 1602ல் திறந்தவர் தாமஸ் பாட்லி. தன் காசைப் போட்டு, புத்தகம் புத்தகமாகத் தேடிச் சேர்த்தவர், அதை மறுக்கவே முடியாது. அவர் 1612ல் தன் நூலகருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், அச்சில் வரும் நாடகப் புத்தகங்களையெல்லாம் நூலகத்தில் சேர்க்க வேண்டாம் என்று. நாற்பது நாடகத்தில் ஒன்றுகூட வைத்துக்கொள்ளத் தேறாது என்பது அவர் கணக்கு. அந்தக் காலத்து லண்டனில் நாடகக் கொட்டகை என்றால் நகர எல்லைக்கு வெளியே, கரடியைக் கட்டிவைத்து நாயை ஏவிவிடுகிற மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடம், ஒரு பென்னி கொடுத்து நின்றுகொண்டே பார்க்கும் கூட்டம். பெரிய மனிதர்களும் போவார்கள்தான், ஆனால் நின்றுகொண்டு பார்க்கிறவர்களை வைத்துத்தான் நாடகத்துக்குப் பெயர். இதில் நீ கவனிக்க வேண்டியது, பாட்லி சொன்ன காரணம். இந்த மாதிரி சரக்கையெல்லாம் அடைத்துவைத்திருக்கிறோம் என்று வெளியே தெரிந்தால் நூலகத்துக்குக் கெட்ட பெயர் என்கிறார். நாடகம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைவிட, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. நீ "எனக்கே வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

அவர் அந்தக் கடிதம் எழுதும்போது ஷேக்ஸ்பியர் உயிரோடு இருக்கிறார், பெரிய நாடகங்களை எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. பாட்லி மறுவருஷமே போய்விட்டார். 1623ல் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் 36ஐ ஒரே பெரிய தொகுப்பாக அச்சடித்தபோது, அதில் பாதி அதுவரை அச்சிலேயே வராதவை, அந்தப் புத்தகம் இல்லையென்றால் இன்று நமக்கு அவை கிடைத்திருக்காது. அதில் ஒரு பிரதி அந்த நூலகத்துக்கும் வந்து சேர்ந்தது. நாற்பது வருஷம் போல ஆன பிறகு புதுப் பதிப்பு வந்தது, பழையது எதற்கு என்று அதை விற்றுவிட்டார்கள். 1905ல் ஒரு மாணவர் தன் வீட்டிலிருந்த பழைய புத்தகத்தின் பைண்டிங்கைப் பற்றி யோசனை கேட்க அங்கே கொண்டுவர, பார்த்தால் அதே பிரதி! பொதுமக்களிடம் நிதி திரட்டி, 3,000 பவுண்டு கொடுத்து, அடுத்த வருஷம் திரும்ப வாங்கினார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பார்.

உன் மருமகள் பார்க்கும் தொடர் நானூறு வருஷம் நிற்கும் என்று நான் சொல்லவரவில்லை, அநேகமாக அடுத்த வருஷமே அவளுக்கே பெயர் மறந்துபோகும். மறந்தால் என்ன? நாம் சாப்பிட்டதில் எத்தனை நமக்கு ஞாபகம் இருக்கிறது? இன்றைக்கு வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்களுக்கு நாளைக்கு எது நிற்கும் என்று தெரிந்ததே இல்லை, அதனால் அவ்வளவு நிச்சயமாகத் தீர்ப்புச் சொல்லாதே என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நாம் கேட்டதுதான். கேஸ்கர் என்று ஒரு மத்திய மந்திரி, 1952லிருந்து பத்து வருஷம் செய்தி ஒலிபரப்புத் துறை அவர் கையில் இருந்தது. சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது, சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்கவைத்தால் நாடே உயர்ந்துவிடும் என்று நம்பியவர். நல்ல எண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரத்தைச் சுருக்கினார், பட முதலாளிகளோடு தகராறு முற்றிக் கடைசியில் பாட்டே மறைந்துபோனது. ஜனங்கள் உட்கார்ந்து ராகம் கற்றுக்கொண்டார்களா? ரேடியோவின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து வந்த இந்திப் பாட்டு நிகழ்ச்சிக்கு அமீன் சயானி பேசப் பேச நாடே காது கொடுத்தது. கடைசியில் 1957 அக்டோபரில் விவித பாரதியை ஆரம்பித்து, அரசாங்கமே பாட்டுப் போட வேண்டியதாயிற்று. (ஹார்மோனியத்துக்கும் இதே வானொலியில் 1940லிருந்து 1971 வரை தடை இருந்தது தெரியுமோ? நம்முடைய சுருதிக்கு ஒத்துவராத வெளிநாட்டுப் பெட்டி என்று ஒதுக்கிவைத்தார்கள். பாவம், ஒரு பெட்டி என்ன செய்தது.) சாஸ்திரிய சங்கீதம் என்றால் எனக்கு உயிர், உனக்கே தெரியும். ஆனால் அடுத்தவன் காதைத் திருகிப் பாட்டுக் கேட்கவைத்தால் அவனுக்குப் பாட்டின்மேல் வெறுப்புத்தான் வரும்.

சரி, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறாள் என்றாயே, அதற்கு வருகிறேன். உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கதவுதான். ஜானிஸ் ராட்வே என்று அமெரிக்காவில் ஒரு பேராசிரியை, காதல் நாவல்களாகப் படித்துத் தள்ளும் பெண்களைப் பற்றி 1984ல் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். இந்தக் கதைகளில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஆராயாமல், படிக்கிற பெண்களிடமே போய் உட்கார்ந்து கேட்டார், அதுதான் அதன் சிறப்பு. அவர்களில் பலர் சொன்னது கதையைப் பற்றியே இல்லை. கையில் புத்தகம் இருக்கும்வரை நான் யாருக்கும் மனைவி இல்லை, அம்மா இல்லை, இது என் நேரம் என்ற மாதிரிதான் சொன்னார்கள். நாள் முழுக்க மற்றவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்குத் தங்களைக் கவனித்துக்கொள்ள இருந்த ஒரே வழி அது. உன் மருமகள் காலையில் எழுந்து, குழந்தையைக் கிளப்பி, ஆபீஸ் போய், திரும்பி வந்து மறுபடியும் குழந்தை, மறுபடியும் ஆபீஸ் போன், எல்லாம் முடிந்து கதவைச் சாத்துகிறாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் தத்துவம்தான் படிக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா? நீ படிப்பாயா?

எல்லாமே ஒன்றுதான், நல்லது கெட்டது கிடையாது என்று நான் பேசுவதாக நினைத்துவிடாதே. என் நாத்தனார் பார்க்கும் சீரியல் சகிக்காது. ஒரு அறை விழுந்தால் அதைப் பல கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள், ஒவ்வொரு முகத்துக்கும் தனியாக இடி இடிக்கிறது. இதை நான் அவரிடமே, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சொல்கிறேன். அவர் என்னைவிட மோசமாகத் திட்டுகிறார்! "இந்தக் கதையை எழுதுகிறவனுக்குப் போன மாசம் இவள் என்ன சொன்னாள் என்பதே மறந்துவிட்டது" என்கிறார், நாளைக்கு என்ன நடக்கும் என்று முந்தின நாளே சொல்கிறார், பெரும்பாலும் சரியாக இருக்கிறது. வில்லியாக நடிக்கும் பெண்ணுக்கு மட்டும்தான் நடிப்பு வருகிறது என்பது அவர் விமரிசனம், எனக்கும் அதேதான் தோன்றியது. சீரியல் பார்க்கிறவர்களுக்கு மூளை இல்லை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அவரோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒன்றைப் பார்த்து, அது ஏன் மோசம் என்று காட்டுவது விமரிசனம், அதில் யாருக்கும் அவமானம் இல்லை, அதற்கு எத்தனை வேண்டுமானாலும் நான் தயார். பார்க்காமலே, பார்க்கிறவளை எடைபோடுவது வேறு ஜாதிப் பேச்சு.

இதில் இப்போது ஒரு புது மோஸ்தர் வந்திருக்கிறது, கவனித்திருப்பாய். "எனக்கு எல்லாம் பிடிக்கும், நான் எதையும் கேட்பேன், எதையும் பார்ப்பேன்" என்று ஆரம்பிப்பார்கள், கொஞ்சம் பேசவிட்டால் "அது மட்டும் வேண்டாம்" என்று ஒன்று வரும். பெத்தனி பிரைசன் என்ற சமூகவியலாளர் 1996ல் அமெரிக்கர்களின் இசை ரசனையைப் பற்றி இதையே எழுதினார். அதிகம் படித்தவர்கள் விதவிதமான இசையைக் கேட்பதாகச் சொன்னாலும், அப்படிப்பட்டவர்கள் பிடிக்காது என்று ஒதுக்குவது படிப்பு குறைந்தவர்கள் விரும்பிக் கேட்கும் ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி, காஸ்பல் (தேவாலயப் பாட்டு) வகைகளாகவே இருந்தது. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்கிறார்கள், ஆனால் வாசலில் ஒரு ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். அப்புறம், "நான் பார்க்கலை, சும்மா ஓடிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு கண்ணை எடுக்காமல் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. இவர்களுக்கும் கதை மொத்தமும் தெரியும்.

நம் பக்கம் மட்டும் ஒழுங்கு என்றும் இல்லை. கச்சேரிக்குப் போகிறவனையும், தலையணை மாதிரி நாவல் படிக்கிறவளையும் "சீன் போடுறாங்க" என்று கேலி பண்ணுகிறவர்கள் இருக்கிறார்களே, என் தம்பி உட்பட, அவர்களும் இதே வேலையைத்தான் வேறு திசையிலிருந்து செய்கிறார்கள். பிடித்துத்தான் படிக்கிறாள் என்று அவர்களுக்கு நம்பவே முடிவதில்லை. அவனோடு சண்டை போட்டுச் சலித்துவிட்டேன், விடு.

நீ அந்தத் தொடரைப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காததை உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு தண்டனைதான். அவள் அறையைத் தாண்டிப் போகும்போது ஒரு பெருமூச்சு விடுகிறாயே, அதை நிறுத்து. அது அவளுக்குக் கேட்கிறது. அவள் ஹெட்போன் போட்டிருந்தாலும் கேட்கும், மருமகளாக இருந்த நமக்குத் தெரியாதா? ஆர்வம் இருந்தால் ஒருநாள் "யார் இவன், ஏன் இவளைவிட்டுப் போனான்" என்று கேட்டுப் பார். கேட்ட பிறகும் மோசம் என்று தோன்றினால் தாராளமாகச் சொல், அவளும் பதில் சொல்லட்டும், வீட்டில் சாப்பாடு, குழந்தை தவிரப் பேச இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்.

அப்புறம் ஒரு உதவி. அவளிடம் கேட்டு நல்லதாக ஒரு தொடரின் பெயர் எழுதி அனுப்பு, ரொம்ப நீளமாக இல்லாததாக, தமிழில் பேசுவதாக இருந்தால் இன்னும் நல்லது. நாத்தனாருக்கு அடுத்த மாதத்தோடு ஒரு சீரியல் முடிகிறது, அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய தோழி