சிங்கப்பூர் அத்தானுக்கு, பிஆரை ஒப்படைப்பதற்கு முன்

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பிய வீட்டு பிளானைப் பார்த்தேன். கீழே இரண்டு ஹால், மேலே நாலு பெட்ரூம், மொட்டை மாடி வரைக்கும் லிஃப்ட். சிபிஎஃப், அதாவது சிங்கப்பூர் சேமநிதிப் பணம் மொத்தத்தையும் எடுத்து இதில் போடப்போகிறீர்கள், அதற்காகவே பிஆரை, அந்த நிரந்தரவாசி அந்தஸ்தை, ஒப்படைக்கப்போகிறீர்கள் என்று அக்கா சொன்னாள். போனில் பேச்செடுத்தால் "பார்ப்போம் மாப்ள" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பேர் போடாமல் பொதுவில் வைக்கிறேன். மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய.

ஊருக்கு வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள். மொத்தத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

நம் ஊரில் வெளிநாட்டுக்காரரை எடைபோடுவது ஒரே கேள்வியில்: "எவ்வளவு கொண்டாந்தான்?" மாதம் என்ன வருகிறது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். வேலைக் காலம் முழுக்க வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் சொல்கிறேன், முதல் வருடம் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்ற ஆட்கள் சில வருடம் கழித்து எஃப்டியை (நிரந்தர வைப்பை) முறிக்க வரிசையில் நிற்பார்கள். அவர்கள் யாரும் ஊதாரிகள் இல்லை. கையில் மொத்தமாகப் பணம் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் சிபிஎஃப் எப்படி ஓடுகிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். 55 ஆனதும் ஓய்வுக் கணக்கு என்று ஒன்றைத் தொடங்கி, ஒரு தொகையை அதில் ஒதுக்குகிறார்கள். 2025-ல் 55 ஆனவர்களுக்கு அந்த முழு ஓய்வுத்தொகை 2,13,000 சிங்கப்பூர் வெள்ளி. அதற்குக் குறைந்தது 4 சதவீத வட்டி. 65-லிருந்து சிபிஎஃப் லைஃப் என்கிற ஆயுள் ஓய்வூதியத் திட்டம் மாதாமாதம் பணம் தரும், உயிர் இருக்கும்வரை தரும். 70 வரை தள்ளிப்போட்டால் மாதத் தொகை கூடும். பொதுவாக, பிஆரை விட்டுவிட்டு நிரந்தரமாகக் கிளம்புகிறவருக்கு மட்டும்தான் இது அத்தனையையும் ஒரே தடவையில் கொடுக்கிறார்கள்.

துபாய்க்காரர்கள் பாடு வேறு. வேலை முடிந்தால் அங்கே கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைதான். முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கப்புறம் 30 நாள், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில். அவர்கள் அந்த மொத்தத்தை வைத்துத்தான் காலம் தள்ளியாக வேண்டும். சாகும்வரை மாதச் சம்பளம் மாதிரி வரக்கூடிய ஒன்றை நீங்களாகவே உடைத்து, கம்பியும் சிமென்டுமாக மாற்றப் பார்க்கிறீர்கள்.

அந்த வீடு என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். நம் தெரு முனையில் கிரானைட் போர்ட்டிகோ வைத்த வீட்டை அடுத்த தடவை வரும்போது நின்று பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மா தஞ்சாவூரில் மகள் வீட்டில். ஏசி அவுட்டோர் யூனிட்டில் புறா கூடு கட்டியிருக்கிறது. கார் ஷெட்டில் வாட்ச்மேன் யூரியா மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் தேக்குக் கதவு உப்பிக்கொண்டு திறக்கவே திறக்காது, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். கீழ்நிலையில் கரையான் ஏறிவிட்டது. விற்கலாம் என்றால், அந்த விலைக்கு நம் கிராமத்தில் யார் வாங்குவார்கள்? கட்டிய காசில் பாதிக்குக்கூட ஆள் வரவில்லை.

அப்புறம் வயல். ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், விலைக்கு வருகிறது, இப்போதைக்குத் தம்பி பேரில் முடித்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறீர்களாமே. வெளிநாட்டில் இருக்கும்வரை விவசாய நிலத்தை நீங்கள் விலைக்கு வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. அப்பா வழியில் வந்ததை வைத்துக்கொள்ளலாம். உங்கள் காசில் தம்பி பேரில் வாங்கினால் அதற்குப் பெயர் பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு அரசு அந்த நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். அரசு விட்டாலும் தம்பியின் பிள்ளைகள் விடுவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பட்டா, சிட்டா எல்லாம் அவர் பேரில்தானே இருக்கும். இந்தியக் குடியுரிமையோடு நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் உங்கள் பேரிலேயே வாங்கத் தடையில்லை. பொறுங்கள்.

வாங்கினாலும் அதை வருமானம் என்று கணக்கில் எழுதாதீர்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நெல் உண்டு, இல்லாவிட்டால் சம்பாதான். அறுப்பு நேரத்தில் ஒரு மழை பிடித்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் திருப்புவார்கள். சாலையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு நிற்க வேண்டும். குத்தகைக்கு விட்டால் 1955-ல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நினைத்த நேரத்தில் நிலத்தைத் திருப்பி வாங்க முடியாது. பாடுபடுகிறவனுக்கு அந்தச் சட்டம் நியாயமானது என்பது என் கட்சி, அது வேறு விஷயம்.

கும்பாபிஷேகத்துக்குக் கொடுங்கள், கல்வெட்டில் பேர் வரட்டும், எனக்கும் சந்தோஷம்தான். கைமாத்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புரோநோட் (கடன் உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கினாலும் 3 வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் அது வெறும் காகிதம். சொந்தக்காரன் மேல் வழக்குப் போடுகிற ஆளா நீங்கள்? திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். "பணமெல்லாம் அங்கேயே மாட்டிக்கிட்டு, மாசாமாசம்தான் வருது" என்று சொல்லிக்கொள்ள சிபிஎஃப் லைஃப் மாதிரி ஒரு சாக்கு கிடைக்காது. பொய்யும் இல்லை.

வரி விஷயத்தில், திரும்பி வந்ததும் இரண்டு வருடம் போல உங்களுக்கு 'ஆர்என்ஓஆர்' அந்தஸ்து, அதாவது இங்கே குடியிருந்தும் சாதாரணமாகக் குடியிருப்பவர் கணக்கில் வராத நிலை, கிடைக்கும். வெளிநாட்டு வட்டிக்கும் வருமானத்துக்கும் பொதுவாக இங்கே வரி வராது. அது முடிந்ததும் சிங்கப்பூர்க் கணக்குகளையெல்லாம் வருமான வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ ரூபாய்க் கணக்கு வட்டிக்கு இருக்கிற வரிவிலக்கு, நீங்கள் இங்கே குடியேறிய பிறகு செல்லாது. வங்கியில் சொல்லிக் கணக்கை மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பணத்திலேயே போட்டு வைக்கிற எஃப்சிஎன்ஆர் வைப்பு முதிர்வு வரை ஓடும். வருவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள், டீக்கடையில் பேசாதீர்கள்.

இங்கே போட வேண்டிய பணத்துக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. பொதுவாக 60 ஆகி, இங்கே குடியிருப்பவராகவும் ஆன பிறகுதான் சேர முடியும். ஒருவருக்கு 30 லட்சம் வரை, 8.2 சதவீதம், முழுதும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். வட்டிக்கு வரி உண்டு. கும்பகோணத்தில் 12 சதவீதம் தருகிறார்கள், மன்னார்குடியில் 18 தருகிறார்கள் என்று யாராவது நோட்டீஸோடு வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வங்கியில் போட்டாலே, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு.

உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டை இங்கே வந்த பிறகு எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். இந்தியப் பாலிசியை இப்போதே எடுத்தால் அந்தக் காலம் அங்கே இருக்கும்போதே கழிந்துவிடும். ராத்திரி நெஞ்சு வலித்தால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டும். லிஃப்ட் வைத்த வீட்டில் இருந்தாலும் அதே தூரம்தான்.

இதெல்லாம் போகட்டும், அக்காவைக் கேட்டீர்களா? பேத்தி பிறந்ததிலிருந்து அவளுக்கு வருடத்தில் பாதி சிங்கப்பூரில், தெம்பனீஸில் மகன் வீட்டில் இருக்க வேண்டும். பிஆர் போய்விட்டால் மகன் வீட்டுக்கே விசிட்டராகத்தான் போய் வர வேண்டும். ஊரில் அவள் கேட்பது கீழேயே ஒரு அறை, அதோடு சேர்ந்த வழுக்காத தரை போட்ட பாத்ரூம், பக்கத்தில் பேச ஆள். இதை உங்களிடம் சொன்னாளா என்று தெரியவில்லை, என்னிடம் சொன்னாள்.

பிஆர் போகாமல் வெளிநாடு போய்த் திரும்புவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் கையில் இருக்கிறதே, பொதுவாக 5 வருடத்துக்குத் தருவார்கள். அது செல்லும் காலத்தில் ஒரு வருடம் இங்கே வந்து இருந்து பாருங்கள். மார்கழிப் பனி, சித்திரை வெயில், ஐப்பசி மழை எல்லாவற்றையும் பாருங்கள். பழைய ஓட்டு வீட்டில் முன்கட்டைத் தொடாமல், பின்கட்டில் மட்டும் அறையும் பாத்ரூமும் எடுக்கலாம் என்று மேஸ்திரி சொல்கிறார், அளவெடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்றால் தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம்.

சிபிஎஃப் பணம் உயிலில் வராது, அதற்குத் தனியாக நாமினேஷன் (யாருக்குச் சேர வேண்டும் என்ற நியமனம்) எழுத வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் கல்யாணத்தோடு அது ரத்தாகிவிட்டது. அதை இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு, யார் பேர் இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லுங்கள். பிஆர் ஃபாரத்தை அதுவரை தொட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மாப்ள