வகுப்பறைப் பாடவேளையை இணையத்தில் ஏற்றினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிக் கல்லூரி வகுப்புகளைப் பற்றி நம் கேரள எல்லைப்பகுதியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் கைப்பேசி, சிக்னல், டேட்டா ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. இவை இல்லாமல் எதுவும் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் மூன்றும் குறைவின்றி வாய்த்த வீட்டிலும் மாணவர் ஒன்றும் கற்காமல் பருவத்தைக் கடந்துவிடுகிறாரே, அது ஏன் என்று கேட்பார் இல்லை. பாடம் வடிவமைக்கப்படும் முறையில்தான் கோளாறு இருக்கிறது என்பது பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்த என் கருத்து.

மழை விடுமுறை நாட்களைச் சமாளிக்கும் ஏற்பாடாக மட்டும் இதை இனிமேல் பார்க்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் என்னும் ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளத்தில் கற்றுக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பலகு) பெற இடமளிக்கின்றன. முன்பு இந்த வரம்பு 20 விழுக்காடாக இருந்தது. கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பும் தொடங்கிவிட்டது. 2018 ஆகஸ்ட் மண்சரிவில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடம் சிதைந்ததைக் கண்டவர்கள், மலைப்பகுதிக் கல்லூரிகளுக்கு இணையவழி வகுப்பு வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்கள்.

இருந்தும் நடைமுறை என்ன? பழைய கால அட்டவணை அப்படியே கூகுள் மீட்டுக்கு மாற்றப்படுகிறது. ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசுகிறார். அணைந்த கேமராக்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வருகைப்பதிவு மட்டும் நிறைவாக இருக்கிறது. எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் ஏறத்தாழ 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காணொளி எவ்வளவு நீண்டாலும் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (நடுமதிப்பு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வருகைக்காக உட்கார்ந்திருப்பவரின் கவனம் அதைவிட நீளும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேர உரையைப் பத்துத் துண்டாக வெட்டி ஏற்றுவோரும் உண்டு. துண்டுகளுக்கு நடுவே மாணவர் செய்ய வேண்டிய வேலை ஏதும் இல்லையென்றால், வெட்டியதால் ஒரு பயனும் விளையாது.

எல்லைப்பகுதிக்கே உரிய ஓர் இழப்பும் இதில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணவர்களில் பலர் பள்ளியில் தமிழ்வழி பயின்றவர்கள். கல்லூரியில் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கம் மலையாளத்தில் நடக்கும். அந்த இரண்டுக்கும் இடையில் அவர்களைக் கரைசேர்த்தவர் ஆசிரியர் அல்லர், பக்கத்து இருக்கைக்காரர். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரத்தில், ‘விலை கூடுனா வாங்குறது எவ்ளோ குறையும்னு கேக்குறாரு, அவ்வளவுதான்’ என்று தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக் கொடுத்த அந்த உதவியை எந்தப் பாடத்திட்டமும் கணக்கில் எடுத்ததில்லை. வகுப்பில் பேச்சுச் சத்தம் என்று அதைக் கண்டித்தவர்களே நம்மில் அதிகம். திரைக்கு முன் தனியாக அமர்ந்திருக்கும் மாணவருக்கு அந்தத் தோழர் இல்லை. ஆகவே இணையவழிப் பாடத்தில் அந்த இடத்தைத் திட்டமிட்டே உருவாக்க வேண்டியிருக்கிறது: ஐந்தாறு பேர் கொண்ட நிலையான சிறு குழுக்கள், குழுவுக்குள் தமிழில் விவாதிக்க வெளிப்படையான அனுமதி, வாரம் ஒரு முறை குழுவாக எழுதி ஒப்படைக்கும் ஒரு விடை. ஸ்வயம் பாடங்களின் நான்கு கூறுகளில் காணொளி, எழுத்துப் பாடம், மதிப்பீடு ஆகியவற்றோடு கலந்துரையாடலும் விதியிலேயே இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் செலவிடும் அக்கறையை நம் கல்லூரிகள் இதற்கும் காட்டினால் நல்லது.

பாடத்தை எங்கிருந்து கட்டத் தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. இந்த வார இறுதியில் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதைச் சோதிக்கும் வினாவை எழுதி, அதன் பிறகே உரையையும் குறிப்பையும் தயாரிக்க வேண்டும். தேவை நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதை, கற்பிக்கும் ஆசிரியர் வரைபடத்தை வாசித்துக் காட்டுவதற்கு மாறாக, கிணத்துக்கடவுச் சந்தையில் தக்காளி விலை ஏறி இறங்கும்போது தம் வீட்டில் வாங்கும் அளவு எப்படி மாறுகிறது என்று மாணவரையே குறித்துவரச் சொல்லலாம். கணக்கிடும் முறையைப் பத்து நிமிட ஒலிப்பதிவிலும் இரண்டு பக்கக் குறிப்பிலும் அடக்கிவிடலாம். நொடிக்கு 32 கிலோபிட் வீதம் பதிவு செய்த ஒரு மணி நேர ஒலிக்கு 15 மெகாபைட்டுக்கும் குறைவான டேட்டாவே போதும். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளிக்கு அதே ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட் வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பெரிது. நேரலை வகுப்பு அறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒன்று போதும், அதையும் ஐயம் தீர்க்க ஒதுக்கிவிடலாம்.

சிறு தேர்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. படித்ததைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்ததை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் சோதனை வழியாகக் காட்டினர். மதிப்பெண் இல்லாத ஐந்து வினாக்களை வாரந்தோறும் கொடுப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

தடை ஆசிரியரின் நேரத்தில்தான் இருக்கிறது. 60 மாணவர்களின் வார விடைகளை ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்து, தவறு எங்கே என்று இரண்டு வரி எழுதி அனுப்பவே ஐந்து மணி நேரம் ஆகும். திருத்தித் திரும்பாத விடையை மாணவர் மூன்றாம் வாரத்திலிருந்து எழுதமாட்டார். எழுதினாலும் நண்பருடையதை நகலெடுத்துத்தான் அனுப்புவார். நேரலையில் பேசும் மணிகளை மட்டும் பணிநேரமாக எண்ணும் கணக்கு இருக்கும்வரை, எந்த ஆசிரியரும் இந்த உழைப்பில் நெடுநாள் நிற்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பாலக்காடு மாவட்டக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகமும், மூணாறுப் பகுதிக்கு உரிய மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும், விடை திருத்தும் நேரத்தைப் பணிநேரமாக ஏற்க வேண்டும். தமிழ் மாணவர் மிகுந்த கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கான குழு விடைகளைத் தமிழிலும் எழுத இசைவு தர வேண்டும். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றின் உரைவடிவத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் தருவதால், அறிவியல் துறைகள் புதிதாக மொழிபெயர்க்க வேண்டிய சுமையும் குறையும். எல்லாத் தாள்களிலும் ஒரே நேரத்தில் செய்ய இயலாதெனில், வரும் பருவத்தில் முதலாண்டுப் பொருளியல் தாள் ஒன்றில் மட்டும் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கல்லூரிப் பொருளியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.