வீடு வாங்கும் மகளுக்கு, சொலிசிட்டரை அமர்த்துவது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருவரின் நலமறிய ஆவல். லீட்ஸில் நீங்கள் பார்த்து வந்த அந்தச் செங்கல் வீட்டை 265,000 பவுண்டுக்குத் தர விற்பவர் சம்மதித்துவிட்டார் என்று அப்பா சொன்னபோது மனம் நிறைந்தது. அதே பேச்சில், எஸ்டேட் ஏஜென்ட் தனக்குத் தெரிந்த, வீடு வாங்குவதற்கான சட்ட வேலைகளைப் பார்க்கும் சொலிசிட்டர் நிறுவனத்தின் படிவத்தை அன்றைக்கே உனக்கு அனுப்பி, அவர்களை அமர்த்தினால் வேலை விரைவாக முடியும் என்று சொன்னதாகவும் அறிந்தேன். அதில் நீ கையொப்பமிடுவதற்கு முன், சொலிசிட்டர் அலுவலகம் ஒன்றின் வீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் கோப்புகளோடு காலம் கழித்தவள் என்ற முறையில் சிலவற்றை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஏஜென்ட் பரிந்துரைக்கும் நிறுவனங்கள் பலவும் அந்தப் பரிந்துரைக்காக அவருக்கு ஒரு தொகை கொடுக்கின்றன. அது சட்டவிரோதமானது அன்று, கேட்டால் எவ்வளவு என்று உனக்குச் சொல்லியாகவும் வேண்டும். ஆனால் ஏஜென்டுக்குச் சம்பளம் கொடுப்பவர் விற்பவர் என்பதையும், அந்த நிறுவனத்துக்கு அடுத்த மாத வேலையை அனுப்பப் போகிறவர் ஏஜென்ட்தான் என்பதையும் நினைத்துப் பார். ஊரில் ஒரே நொத்தாரிசு இரு தரப்பையும் முன்னால் இருத்தி உறுதி எழுதி முடிப்பதைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள், இங்கும் சொலிசிட்டரை ஒரு சடங்குக்கு வேண்டியவராகவே எண்ணிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் விற்பவருக்கு ஒருவர், வாங்குபவருக்கு ஒருவர். வீட்டில் என்ன குறை இருந்தாலும் அதைக் கேட்டுப் பிடிப்பது பெரும்பாலும் வாங்குபவரின் பொறுப்பு என்பதால், உனக்காகக் கேள்வி கேட்பவர் உன்னுடைய ஆளாகவே இருக்க வேண்டும்.

உன் சித்தப்பா தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொலிசிட்டர் ஒருவரைச் சொல்வார். தமிழில் பேசினால்தான் விளங்கும் என்ற நிலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. உனக்கு அது தேவையில்லை. குடிவரவு வழக்குகளில் கெட்டிக்காரரான ஒருவர் வருடத்துக்கு ஓரிரு வீடுகளையும் செய்து கொடுக்கிறார் என்றால், நம்மவர் என்பதற்காக மட்டும் அவரிடம் போகாதே. சொலிசிட்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. வீடு வாங்கி விற்கும் வேலைக்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சர்களும் இருக்கிறார்கள், அவர்களில் பலர் மிக நன்றாகச் செய்கிறார்கள். எவராயினும், அவரை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்றும், உனக்குக் கடன் தரும் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்றும் முதலில் பார். பட்டியலில் இல்லாவிட்டால் வங்கி தனக்கென இன்னொருவரை அமர்த்தும், அந்தச் செலவும் தாமதமும் உன் தலையில் விழும்.

பிறகு தொலைபேசியில் அழைத்து, என் கோப்பை நாளாந்தம் பார்க்கப் போகிறவர் யார், அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார், அவர் கையில் இப்போது எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று கேள். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் தருபவர்கள் குறைவு, ஆனால் அவர்கள் தடுமாறும் விதத்திலேயே உனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும். மிகக் குறைந்த கட்டணத்தில் செய்யும் பெரிய நிறுவனங்களில் கோப்புகள் குவிந்து கிடக்கும், தொலைபேசியை எடுப்பவர் உன் கோப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். இணையத்தளத்தில் போட்டிருக்கும் கட்டணத்தோடு 20 வீத வற் வரி, பணம் அனுப்பும் கட்டணம், அன்பளிப்புப் பணத்தைச் சரிபார்க்கும் கட்டணம் என்று பின்னால் சேர்வனவற்றை எல்லாம் ஒரே தாளில் எழுதித் தரச் சொல். ‘வாங்காவிட்டால் கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்பவர்களிடமும், வீட்டைப் பற்றி நகரசபை போன்ற இடங்களில் கேட்டு அறிக்கை வாங்கும் விசாரணைகளுக்குக் கட்டிய பணம் திரும்பாது.

அந்த விசாரணைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரசபை, தண்ணீரும் வடிகாலும், சுற்றுச்சூழல் ஆகியவற்றை எந்தச் சொலிசிட்டரும் தவறாமல் கேட்பார். யோர்க்ஷயரில் பல இடங்களில் நிலத்தடியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் இருப்பதால், அந்த அறிக்கையும் தேவையா என்று நீயாகவே கேட்டுக்கொள்.

நான் நெடுநேரம் யோசித்தது உன் வீட்டின் மேல்மாடத்து அறையைப் பற்றித்தான். சொலிசிட்டர் அந்த வீட்டுப் பக்கமே போக மாட்டார். அவர் மேசைக்கு வருவது காணிப் பதிவகத்தின் பதிவும், சிவப்புக் கோடு போட்ட ஒரு வரைபடமும், விற்பவர் நிரப்பிய படிவங்களும் மட்டுமே. கூரைக்குள் படுக்கையறை இருப்பதும், சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையிலிருந்த சுவர் எடுக்கப்பட்டிருப்பதும் நீ சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ஆகவே ஏஜென்டின் விளம்பரப் படங்களையும் அறைப் படத்தையும் முதல் நாளே அவருக்கு அனுப்பி, இந்த மாற்றங்களுக்கு நகரசபையின் கட்டட விதிமுறைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கச் சொல். 2002 ஏப்ரலுக்குப் பின் ஜன்னல்கள் மாற்றப்பட்டிருந்தால் அதற்கும் சான்று வேண்டும். பதிவக வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்க ஒழுங்கையில் ஒருமுறை நடந்து பார். குப்பைத் தொட்டி வைக்கும் இடம் கோட்டுக்குள் இருக்கிறதா, பக்கத்து வீட்டார் உன் முற்றத்தின் வழியாக நடந்து போகிறார்களா என்பதெல்லாம் பின்னர் சண்டையில் முடியக்கூடிய விடயங்கள்.

சான்றிதழ் இல்லை என்று பதில் வந்தால், விற்பவர் தன் செலவில் ஒரு காப்புறுதி எடுத்துத் தருவதாகச் சொல்வார். நகரசபை நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்கு அது உதவும், ஆனால் கூரை வளையைத் தாங்கும் மரம் போதுமான வலுவுடையதா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. அதற்குக் கட்டடச் சர்வேயர் ஒருவரைத் தனியாக அமர்த்து. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் உனக்காக வருபவர் அல்லர். அவசரப்பட்டு நீயே நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்துவிடாதே. அவர்களுக்கு விடயம் தெரிந்துவிட்டால் அந்தக் காப்புறுதியைத் தர எந்த நிறுவனமும் சம்மதிக்காது.

இனிப் பணம். முதல் வீடு என்பதால் 300,000 பவுண்டு வரை உனக்கு முத்திரை வரி இல்லை, ஆனால் இருவர் பெயரில் வாங்கினால் இருவருக்குமே அது முதல் வீடாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பியின் வீட்டுக் கடனுக்காக அந்த வீட்டிலேயே பெயர் சேர்த்துக்கொண்டவர்களும், ஊரில் பாட்டியின் வீடு தம் பெயருக்கு எழுதப்பட்டிருப்பதை மறந்தவர்களும் நம்மிடையே நிறையப் பேர். உலகின் எந்த மூலையில் இருந்தாலும் வீடு வீடுதான். உன் வருங்காலக் கணவருக்கு அப்படி ஏதும் இருந்தால் சலுகை போய் 3,250 பவுண்டு வரி வரும். அந்த வீட்டில் அவருடைய பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால் கூடுதல் வரியும் சேர்ந்து 16,500 பவுண்டாகும். இதை அவரிடம் இன்றே கேள், சொலிசிட்டரிடமும் மறைக்காமல் சொல்.

நாங்கள் தரும் 40,000 பவுண்டுக்கு, அது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டோம், வீட்டில் எங்களுக்குப் பங்கில்லை என்று கையொப்பமிட்டுத் தருவோம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எங்கள் வங்கிக் கணக்கின் பிரதிகளையும் கேட்பார்கள், அப்பாவுக்குக் கோபம் வரும், நான் பார்த்துக்கொள்கிறேன். சீட்டுக் காசைக் கையில் வாங்கி வங்கியில் போடும் எண்ணம் உனக்கு இருந்தால் அதை விட்டுவிடு, எழுத்தில் ஆதாரம் இல்லாத பணத்தைச் சொலிசிட்டர் தொடவே மாட்டார். வீட்டை இருவரும் எந்த முறையில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றும் அவர் கேட்பார். ஒரு முறையில், ஒருவர் இல்லாமல் போனால் முழுவதும் மற்றவருக்குச் சேரும். மற்றதில், யார் எவ்வளவு போட்டார்களோ அந்தப் பங்கை எழுதி வைக்கலாம். கலியாணத்துக்கு முன்பே இப்படி எழுதுவதா என்று வரப்போகும் உன் மாமி முகம் சுளிக்கக்கூடும், இருந்தாலும் இரண்டாவதை எழுதி வைப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஒப்பந்தங்கள் கைமாறும் வரை விற்பவரும் விலகலாம், நீயும் விலகலாம். கைமாறிய பின் விலகினால், கட்டிய 10 வீதம், அதாவது 26,500 பவுண்டு போய்விடும். ஆகவே கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் வரும்வரை ஏஜென்ட் எத்தனை முறை அழைத்தாலும் சம்மதம் சொல்லாதே. கைமாறும் அன்றே வீட்டுக் காப்புறுதி தொடங்கியிருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளை வெள்ளிக்கிழமையில் வைக்காதே, அன்று வங்கியில் பணம் சிக்கினால் திங்கள் வரை சாமான் ஏற்றிய வானோடு தெருவில் நிற்க வேண்டும்.

பணம் அனுப்பும் நேரத்தில், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொலிசிட்டரின் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அது திருடர்களின் வேலை என்றே எடுத்துக்கொள். முதல் நாள் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்து, உனக்குத் தெரிந்த குரலிடம் கணக்கு விவரத்தைச் சரிபார்த்த பிறகே அனுப்பு. எங்கள் பணத்தை உன் கணக்குக்கா, நேரே சொலிசிட்டருக்கா போட வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுது. இரண்டு மூன்று இடங்களில் கட்டண விவரம் வாங்கியதும் அவற்றையும் எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா